மிதவையின் வரலாறும் நான் கேட்ட மன்னிப்பும்



நீர்மட்டத்தைத் தாமே காத்துக்கொள்ளும் கருவிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன். இப்பொருளை நான் நாடிச் சென்றது அறிவுத் தாகத்தால் அன்று. ஒரு மாணவன் மீது நான் சுமத்திய பழியே என்னை இவ்வரலாற்றின் பக்கம் இழுத்துச் சென்றது. ஆகவே, அந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றேன்.

திங்கட்கிழமைக் காலை

எங்கள் பள்ளியின் அறிவியல் அறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி உண்டு. மூன்றடி நீளம். அதற்குக் கீழே, அலமாரிக்குள், நீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி ஒன்று. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 150 லிட்டர் கடல்நீர். அதில் இரண்டு கோமாளி மீன்களும் மூன்று இறால்களும் வாழ்ந்து வந்தன. கடலைப் படத்தில் மட்டுமே கண்ட தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அத்தொட்டியே கடல்.

கடல்நீர்த் தொட்டியைப் பேணுவதில் ஒரு நுட்பம் உள்ளது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆவியாகிக் குறையும். கடல்நீரின் உப்புச்செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். பத்து நாள் ஒருவரும் கவனியாது விட்டால் 150 லிட்டர் 130 லிட்டராகச் சுருங்கும். அதே உப்பு அதற்குள் நின்று, செறிவு 40 கிராமைத் தாண்டிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புநீரைச் சேர்த்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும்!

இப்பணிக்காக ஒரு தானியங்கிக் கருவியைப் பொருத்தியிருந்தேன். 25 லிட்டர் நன்னீர்க் கலன், அதனுள் சிறிய நீரேற்றி, அதிலிருந்து கீழ்த்தொட்டிக்குச் செல்லும் மெல்லிய குழாய், கீழ்த்தொட்டியில் ஒரு மிதவை விசை. நீர்மட்டம் குறைந்தால் மிதவை இறங்கும், நீரேற்றி ஓடும். மட்டம் உயர்ந்தால் மிதவை ஏறும், நீரேற்றி நிற்கும். கலன் காலியாகும்போது அதை நிரப்புவது மட்டுமே பணிமுறை மாணவனின் வேலை.

ஒரு திங்கட்கிழமைக் காலை கதவைத் திறந்தபோது கீழ்த்தொட்டி விளிம்புவரை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. நன்னீர்க் கலன் காலி. உப்பை அளந்து பார்த்தேன். 31 கிராமுக்கு இறங்கியிருந்தது. இரண்டு இறால்கள் மடிந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமை கலனை நிரப்பியவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவனை அழைத்தேன். “கலனில் இருந்த நீரையெல்லாம் தொட்டியில் ஊற்றினாயா?” என்று கேட்டேன். “இல்லை ஐயா, கலனில்தான் ஊற்றினேன்” என்றான். நான் நம்பவில்லை. கருவி பொய் சொல்லாது, பிள்ளைதான் சொல்லும் என்று எண்ணிவிட்டேன். சக மாணவர்கள் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டு, பணிமுறையிலிருந்தும் நீக்கினேன். அவன் மறுமொழி கூறவில்லை, தலைகுனிந்து நின்றான்.

கைகளே மிதவையாக இருந்த காலம்

தானியங்கிக் கருவிகள் வருவதற்கு முன் இவ்வேலைகளையெல்லாம் மனிதக் கைகளே செய்தன. அவை பெரும்பாலும் எளியவர்களின் கைகள்.

1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டு சென்று வளர்த்தார் அன்னா தின் அம்மையார். காற்றூட்டும் கருவி ஏதும் இல்லாத காலம் அது. அவ்வம்மையாரின் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னல் அருகே நின்று, கடல்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மீண்டும் மீண்டும் ஊற்றி, நீரில் காற்றுக் கலக்கச் செய்தாள். கடல்நீர்த் தொட்டி வளர்ப்பின் முன்னோடியாக அன்னா தின் போற்றப்படுகின்றார். நீரை ஊற்றிய பணிப்பெண்ணின் பெயரை யாரும் பேசுவதில்லை.

1854ஆம் ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் ‘தி அக்வேரியம்’ என்னும் நூலை வெளியிட்ட பிறகு இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளிலும் இப்பழக்கம் பரவியது. அவ்வீடுகளிலும் ஆவியாகிய நீரைக் கண்டறிந்து ஈடுசெய்தவை கண்ணும் கையுமே.

இன்னொரு கதையும் உண்டு. 1712ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டட்லி அருகே தாமஸ் நியூகாமனின் நீராவி இயந்திரம் இயங்கத் தொடங்கியது. இவ்வகை இயந்திரங்களின் அடைப்பான்களை உரிய நேரத்தில் திறந்து மூட ஆள் வேண்டும். ஹம்ப்ரி பாட்டர் என்னும் சிறுவன் அவ்வேலையில் சலிப்புற்று, இயந்திரத்தின் அசையும் நெம்புகோலோடு கயிறுகளைக் கட்டி, அடைப்பான்கள் தாமே திறந்து மூடும்படி செய்தான் என்று டெசகூலியர் என்னும் அறிவியலாளர் 1744ஆம் ஆண்டில் எழுதினார். வரலாற்று அறிஞர்கள் இதனை முழுமையாக ஏற்பதில்லை, கதையாகவே கொள்கின்றனர். எனினும் இக்கதை நெடுங்காலம் வாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தின் அருகே ஒரு சிறுவன் நிற்பதும், பிழை நேர்ந்தால் அவன் மீதே பழி விழுவதும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான காட்சி அன்றோ!

தானே மூடிக்கொள்ளும் நீர்

மனிதக் கைக்குப் பதிலாக மிதவையைக் காவல் வைக்கும் எண்ணம் மிகப் பழைமையானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்பவர் வாழ்ந்தார். முடிதிருத்துபவரின் மகன் என்று கூறப்படும் இவர், நீர்க்கடிகாரத்தைச் செம்மைப்படுத்தினார். அவருடைய நூல்கள் அழிந்துவிட்டன. உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முதலியோரின் குறிப்புகளைக் கொண்டே அவரை அறிகின்றோம்.

நீர்க்கடிகாரத்தின் சிக்கல் யாது? துளையின் வழியே சொட்டும் நீரின் வேகம், துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும், மணியும் பிழைபடும். ஆகவே மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். தெசிபியஸ் இதற்குக் கண்ட தீர்வை அறிஞர்கள் இவ்வாறு மறுகட்டமைத்துக் காட்டியுள்ளனர்: சிறு அறை ஒன்றில் கூம்பு வடிவ மிதவை. மேலிருந்து குழாய் வழியே நீர் விழும். மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, தன் கூர்முனையால் அக்குழாயின் வாயையே அடைத்துவிடும். மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி, வாய் திறக்கும்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகின்றேன். அம்மிதவை யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. அதன் உடலே அடைப்பு. நீரை நிறுத்தியது மிதவையே.

பைசாந்தியத்தைச் சேர்ந்த பிலோன் வேறொரு வழியைக் கையாண்டார். அவருடைய எண்ணெய் விளக்கில், மூடிய கலன் ஒன்றிலிருந்து குழாய் வழியே எண்ணெய் இறங்கும். விளக்கில் எண்ணெய் குறைந்தால் காற்றுக்குழாயின் வாய் வெளிப்படும். காற்று உள்ளே புகும். அதற்கு ஈடாக எண்ணெய் இறங்கும். வாய் மீண்டும் மூழ்கியதும் ஒழுக்கு நிற்கும். கோழிக்குஞ்சுகளுக்காக நாம் கவிழ்த்து வைக்கும் தண்ணீர்க் குவளையின் தத்துவமும் இதுவே.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அதே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், காற்றாலும் நீராலும் இயங்கும் கருவிகளைப் பற்றி எழுதிய நூலில் மிதவைக் கலங்களை விளக்கியுள்ளார். அந்நூலின் முதற்பகுதியே வளைந்த வடிகுழாயைப் பற்றியது. நாம் சைபன் என்கிறோமே, அதுதான். மேலே உள்ள கலத்திலிருந்து கீழே உள்ள கலத்துக்கு, நடுவில் ஒரு மேட்டைத் தாண்டியும் நீர் தானே ஓடும் விந்தை அது. இச்செய்தியை அப்போது வெறும் தகவலாகப் படித்துக் கடந்தேன். பின்னர் அதுவே எனக்குப் பாடமாயிற்று.

பாக்தாத் முதல் பர்னாவுல் வரை

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் முகம்மது, அகமது, ஹசன் என்னும் மூன்று உடன்பிறப்புகள் வாழ்ந்தனர். பனூ மூசா, அதாவது மூசாவின் மைந்தர்கள், என்று அழைக்கப்பட்ட இவர்கள் ஏறத்தாழ கி.பி. 850இல் நுட்பக் கருவிகள் பற்றிய நூலொன்றை இயற்றினர். சுமார் நூறு கருவிகளை விளக்கும் அந்நூலில் மிதவைகளும் அடைப்பான்களும் வடிகுழாய்களும் பற்பல இணைப்புகளில் வருகின்றன. 1206ஆம் ஆண்டில் தியார்பக்கிரில் அல்-ஜசாரி முடித்த நூலில், பெரிய நீர்க்கடிகாரம் ஒன்றின் சீரான ஓட்டத்தைக் காப்பதும் மிதவை அறையே.

18ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் பெருகியபோது மிதவைக்குப் புதிய பொறுப்பு வந்தது. கொதிகலனில் நீர் குறைந்தால் உலோகம் காய்ந்து சிவக்கும், வெடிக்கவும் கூடும். அங்கே மட்டம் என்பது உயிர் பற்றியது. சைபீரியாவின் பர்னாவுல் நகரில் இவான் பொல்சுனோவ் 1760களில் கட்டிய இயந்திரத்தில், கொதிகலனின் நீர்மட்டத்தைக் காக்க மிதவையைப் பொருத்தினார். 1766ஆம் ஆண்டில் அவ்வியந்திரம் இயங்குவதைக் காணுமுன்னரே அவர் காசநோயால் மறைந்தார். இயந்திரம் சில மாதங்களே ஓடியது. 1790ஆம் ஆண்டில் மெக்சிகோவின் ஹோசே அந்தோனியோ அல்சாத்தே என்னும் பாதிரியார், நீர்த்தொட்டிக்கான மிதவைப் பந்து அடைப்பானைப் பற்றி எழுதினார். நம் வீட்டுக் கூரையின் தண்ணீர்த் தொட்டியில் இன்றும் மிதக்கும் பந்து அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பந்து உயர்ந்தால் அதன் கைப்பிடி அடைப்பானை அழுத்தி மூடுகின்றது. அங்கும் மிதவையே நீரை நிறுத்துகின்றது.

20ஆம் நூற்றாண்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் என்பவர், கண்ணாடிக் குழலுக்குள் இரு மெல்லிய உலோகத் தகடுகளை அடைத்து, காந்தம் அருகே வந்தால் அவை ஒன்றையொன்று தொடும்படி அமைத்தார். இன்றைய சிறிய மிதவை விசைகள் பலவற்றில் இருப்பது இதுவே. மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் கண்ணாடிக் குழல். மிதவை ஏறி இறங்கும்போது மின்சுற்று திறந்து மூடும். எங்கள் பள்ளித் தொட்டியில் இருந்ததும் இவ்வகையே.

நள்ளிரவில் புலப்பட்ட வேறுபாடு

பழி சுமத்திய அன்றிரவு, மாணவர்களுக்கு இக்கருவியை விளக்கப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் தெசிபியஸின் மிதவை. வலப்பக்கம் எங்கள் மிதவை. இரண்டையும் அருகருகே கண்டபோதுதான் என் அறியாமை எனக்கே புலப்பட்டது.

தெசிபியஸின் மிதவை நீரின் வாயை அடைத்தது. எங்கள் மிதவையோ எதையும் அடைக்கவில்லை. நீரேற்றிக்கு ‘நில்’ என்று சொல்ல மட்டுமே செய்தது. நீரேற்றி நிற்பதும் நீர் நிற்பதும் ஒன்றா? அல்லவே! நீரேற்றி நின்ற பின்னும் குழாய் முழுவதும் நீர் இருக்கும். நன்னீர்க் கலனின் மட்டம் குழாயின் வெளிமுனையைவிட உயரமாக இருந்தால், ஹீரோன் எழுதிய அதே வடிகுழாயாக அக்குழாய் மாறிவிடும். மிதவை எத்தனை முறை ‘நில்’ என்றாலும் நீர் அதற்குச் செவிசாய்க்காது.

அப்படியானால் இத்தனை மாதங்களாக ஏன் அது நிகழவில்லை? நினைவைத் துழாவினேன். கலன் எப்போதும் தரையில் இருக்கும். அதன் மட்டம் குழாய்முனையைவிடத் தாழ்வு. வெள்ளிக்கிழமை மாலை, தரையைத் துடைத்த பின், அக்கலனைத் தூக்கி ஒரு முக்காலியின் மீது வைத்தவர் யார்? வேறு யாருமல்லர், நானே! பிள்ளைகள் குனிந்து நீர் ஊற்ற வேண்டியிராது என்னும் நல்லெண்ணத்தில் செய்தேன். சனிக்கிழமை ஏதோ ஒரு வேளையில் நீரேற்றி சில நொடிகள் ஓடியிருக்கும். பிறகு மீதி நீரெல்லாம் தானே இறங்கியிருக்கும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வகுப்பின் முன்னிலையில்

மறுநாள் மாணவர்கள் அனைவரையும் அறிவியல் அறையில் கூட்டினேன். தொட்டிக்குப் பதிலாக வெற்று வாளி ஒன்றை வைத்தேன். முக்காலியின் மீது கலன். மிதவையைக் கையால் தாழ்த்தி நீரேற்றியை ஓடவிட்டேன், பின்னர் உயர்த்தினேன். நீரேற்றியின் ஒலி நின்றது. “இப்போது என்ன காண்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

பின்வரிசையில் நின்ற அம்மாணவனே முதலில் சொன்னான்: “மோட்டார் நின்றுவிட்டது ஐயா. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை.”

கலனைத் தரைக்கு இறக்கியதும் ஒழுக்கு நின்றது. காரணத்தை விளக்கிய பின், கலனை முக்காலியில் வைத்தவன் நானே என்பதை அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். எல்லார் முன்னும் சுமத்திய பழியை எல்லார் முன்னும்தானே இறக்க வேண்டும்? பள்ளி முடிந்து அவனை அழைத்துச் செல்ல வந்த தந்தையாரிடமும் நடந்ததைக் கூறினேன். “நேற்று வீட்டில் அவன் சாப்பிடவில்லை ஐயா. ஏன் என்று கேட்டும் சொல்லவில்லை” என்றார் அவர். அச்சொற்கள் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நாங்கள் செய்த திருத்தங்கள்

இத்தகைய கருவியை வைத்திருப்போர்க்குப் பயன்படும் என்பதால், மாணவர்களோடு சேர்ந்து செய்த திருத்தங்களை இங்கே பதிவு செய்கின்றேன்.

1. நன்னீர்க் கலன் நிரம்பியிருக்கும்போதும் அதன் மட்டம் குழாயின் வெளிமுனையைவிடத் தாழ்வாகவே இருக்குமாறு தரையில் வைத்தோம். முனையைக் கீழ்த்தொட்டி நீருக்கு மேலே தூக்கிக் கட்டுவது மட்டும் போதாது. கலனின் மட்டம் அம்முனையைவிட உயர்ந்திருந்தால் நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

2. குழாயின் உச்சியில், கலனுக்கு உள்ளே நீர்மட்டத்துக்கு மேலாக, ஊசியளவு துளை இட்டோம். நீரேற்றி நின்றதும் அதன் வழியே காற்றுப் புகுந்து ஒழுக்கைத் துண்டிக்கும். இது இரண்டாம் காவல்.

3. 25 லிட்டர் கலனுக்குப் பதில் 8 லிட்டர் கலன் வைத்தோம். முழுவதும் கொட்டினாலும் உப்புச்செறிவு 35 கிராமிலிருந்து 33 அளவுக்கே இறங்கும். பிழை நேராது என்று நம்புவதைவிட, நேர்ந்தாலும் உயிர் போகாதபடி அளவைச் சுருக்குவது அறிவுடைமை.

4. மிதவையில் உப்புப் படியும். நத்தையும் ஏறி அமரும். அவ்வாறு சிக்கிய மிதவை பொய் சொல்லும். வாரம் ஒருமுறை அதைக் கழற்றி, காடியில் ஊறவைத்து, நன்னீரில் அலசுகின்றோம். முதல் மிதவை சிக்கினால் நீரேற்றியை நிறுத்த, சற்று உயரத்தில் இரண்டாம் மிதவையும் உண்டு. ஆனால், அதுவும் ‘நில்’ என்று சொல்லும் மிதவையே. வடிகுழாய் ஒழுக்கை அதனாலும் தடுக்க இயலாது.

5. கலனின் மட்டத்தை நாள்தோறும் பென்சிலால் கோடிட்டுக் குறிக்கின்றோம். இரண்டு லிட்டருக்கு மேல் குறைந்தால், யாரையும் கேட்பதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தாம் விதியை எழுதித் தொட்டியின் அருகே ஒட்டியவன் அம்மாணவனே. பணிமுறைத் தலைவனாக அவனே மீண்டும் பொறுப்பேற்றான்.

நிறைவாக

தெசிபியஸின் காலத்திலிருந்து நம் காலம் வரை இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. கருவிகள் நுண்மையடைந்துள்ளன. ஆயினும், ஒரு கருவி காவல் காக்கின்றதா, காவலுக்குச் செய்தி மட்டும் சொல்கின்றதா என்னும் கேள்வியை நான் கேட்கத் தவறினேன். பிள்ளையை ஐயுறுவது எனக்கு எளிதாக இருந்தது. குழாயின் உயரத்தை அளப்பது எளிதாகத் தோன்றவில்லை. உண்மையில் அதற்கு ஓர் அளவுகோலும் ஐந்து நிமிடமும் போதும்.

வகுப்பறையிலும் வீட்டிலும் ஏதேனும் உடைந்தால், சிந்தினால், கெட்டால் நம் கண்கள் முதலில் பிள்ளைகளின் கைகளையே நோக்குகின்றன. அடுத்த முறை, அக்கைகளை நோக்குமுன் நாம் எதை எங்கே வைத்தோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. மடிந்த இரு இறால்களை என்னால் மீட்க இயலவில்லை. ஆனால், தலைகுனிந்து நின்ற பிள்ளையை நிமிரச் செய்ய முடிந்ததே என்பதில் எனக்கு ஆறுதல்.